தாக்கவும் அடக்கவும் ஒரே சமிக்ஞை

2006 மார்ச் 13 அன்று, லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் ஆரோக்கியமான 6 இளைஞர்களுக்கு டிஜிஎன்1412 என்ற புதிய மருந்தை ஏற்றினார்கள். விலங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, நடுக்கம், வாந்தி. பிறகு ஒவ்வோர் உறுப்பாகச் செயலிழக்கத் தொடங்கியது. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஒருவர் கால்விரல்களை இழந்து. இத்தனைக்கும், முடக்குவாதம் போன்ற நோய்களில் எதிர்ப்பு மண்டலத்தின் வெறியைத் தணிக்கலாம் என்று நம்பித் தயாரித்த மருந்து அது!

கூட்டுக் கணக்கில் காசோலை செல்ல இரண்டு கையெழுத்து வேண்டும். நோய் எதிர்ப்பு மண்டலத்தில் கிருமிகளைத் தாக்கும் டி செல்லும் அப்படித்தான். கிருமியின் துண்டைக் காட்டினால் மட்டும் அது கிளம்பிவிடாது. காட்டும் செல்லின் மேலிருக்கும் பி7 என்ற புரதம், டி செல்லின் மேலிருக்கும் சிடி28 என்ற புரதத்தைப் பற்றவும் வேண்டும். இந்த இரண்டாவது கையெழுத்துதான் துணைச் சமிக்ஞை. அது கிடைக்காத டி செல் மரத்துப்போகும்.

அப்படியானால் சிடி28-ஐ நீக்கினால் உடல் தன்னையே தாக்கும் நோய்கள் குறைய வேண்டும். நீரிழிவுக்கு ஆளாகும் இனத்து எலிகளில் நீக்கிப் பார்த்தார்கள். 2000-இல் வெளியான முடிவு நேர்மாறாக இருந்தது: நீரிழிவு இன்னும் வேகமாக வந்தது. அந்த எலிகளில் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் மிகக் குறைந்துபோயிருந்தன. மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் இந்தச் செல்களை 1995-இல் அடையாளம் காட்டியவர் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி. அவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்ட மேரி பிரங்கோவ், ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவரோடு சேர்த்து அவருக்கு 2025-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அடக்கும் செல்களில் பெரும்பகுதி நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியில் உருவாகிறது. அங்கே உடலின் சொந்தப் புரதங்களை மிக இறுக்கமாகப் பற்றும் டி செல்களில் பல மடிகின்றன. சில காவலாக மாறுகின்றன. அந்த மாற்றத்துக்கும் சிடி28 வேண்டும். வளரும் செல்லில் அது தரும் சமிக்ஞையே ஃபாக்ஸ்பி3-ஐ முடுக்கிவிடுகிறது என்று 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாக்குபவனுக்கு உத்தரவு தரும் அதே புரதம் காவலனையும் பிறப்பிக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த முரண் இது.

காவலனான பின் அந்தச் செல் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு புரதத்தை ஏராளமாகத் தாங்குகிறது. அது சிடி28-ஐவிட வலுவாக பி7-ஐப் பற்றி, பிடுங்கியும் எடுத்துக்கொள்கிறது. மற்ற டி செல்களுக்கு இரண்டாவது கையெழுத்து கிடைக்காது. சிடிஎல்ஏ-4 இல்லாமல் பிறக்கும் எலிகள் 3, 4 வாரங்களில் இறந்துவிடுகின்றன.

லண்டனில் கொடுத்த மருந்து சிடி28-ஐ நேராகத் தூண்டுவது. எலிகளில் காவல் செல்கள் பெருகின. மனித உடலில் கொடுத்த அளவுக்கு, பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் தாக்கும் செல்களே முதலில் விழித்துக்கொண்டன. சோதனைக் குரங்குகளில் அந்தச் செல்களின் மேல் சிடி28 இல்லாததால் ஆபத்து முன்கூட்டித் தெரியவில்லை. பிற்பாடு அதே மருந்தை மிக மிகச் சிறிய அளவில் மனிதர்களுக்குக் கொடுத்தபோது லண்டனில் நேர்ந்த விபரீதம் நேரவில்லை. அடக்கும் பக்கம்தான் அசைந்தது.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். பி7-ஐ மறைத்துவிடும் அபாடசெப்ட் 2005 முதல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்குப் பயன்படுகிறது. அதன் உறவான பெலடசெப்ட், 2011-இல் சிறுநீரக மாற்றுக்கு அனுமதி பெற்றது. சைக்ளோஸ்போரின் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்ட சோதனைகளில், பெலடசெப்ட் எடுத்தவர்களின் சிறுநீரகம் இன்னும் நன்றாக வேலை செய்தது. ஆனால் முதல் ஆண்டில் உறுப்பை உடல் நிராகரிக்க முயல்வதும் அவர்களிடம்தான் அதிகம். தாக்கும் செல்களோடு காவல் செல்களும் பட்டினி கிடப்பது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.