கைக்கும் கூலி உண்டு

"உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பார்கள் நம் முன்னோர். கணக்குப் பார்க்காமலே உழைக்கப் பழகிவிட்ட சமூகம் நம்முடையது. அதிலும் பெண்களின் கைவேலை என்று வந்துவிட்டால், கணக்கு என்ற பேச்சே எழுவதில்லை.

யாழ்ப்பாணத்துப் பன்னவேலையை எடுத்துக்கொள்வோம். பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பாய் என்று பனையோலைப் பொருள் இல்லாத வீடு ஒரு காலத்தில் இங்கு அரிது. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் ஏராளமாகத் தறிக்கப்பட்டன. பிளாஸ்ரிக் பொருட்கள் சந்தையைப் பிடித்துக்கொண்டன. இருந்தும் இத்தொழில் அழியவில்லை. 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும், பனை சார்ந்த கூட்டுறவுச் சங்கங்களும் இதற்குத் துணை நின்றுள்ளன. கணவனை இழந்த சகோதரிகளுக்கும், காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடி அலையும் சகோதரிகளுக்கும், வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் இது.

ஆனால் இவர்களுடைய கைக்கு என்ன மிஞ்சுகிறது? வலிகாமத்தில் நடந்த ஒரு சந்திப்பில் இதைக் கேட்டபோது வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "பிள்ளை, ஓலைக்குக் காசு, சாயத்துக்குக் காசு. கைக்கு ஏன் காசு? சும்மா இருக்கிற நேரத்திலைதானே இழைக்கிறன்."

அந்தச் 'சும்மா இருக்கிற நேரம்' எது? சமையல் முடித்து, பிள்ளைகளை நித்திரையாக்கி, கண் எரிய எரிய விளக்கடியில் இருக்கும் நேரம். அது சும்மா வந்த நேரம் அல்ல.

ஒரு பெட்டியின் கணக்கு

மூடியுள்ள பெட்டி ஒன்றுக்கு ஓலை 80 ரூபா, சாயமும் விறகும் 40 ரூபா, பஸ் செலவில் ஒரு பங்கு 30 ரூபா என்று வைப்போம். மொத்தம் 150 ரூபா. ஓலை வார்ந்து, சாயம் காய்ச்சி, இழைத்து முடிக்க 5 மணித்தியாலம். இதை வியாபாரி 400 ரூபாவுக்கு எடுத்தால், கையில் மிஞ்சுவது 250 ரூபா. அதாவது மணிக்கு 50 ரூபா. 8 மணித்தியாலம் வேலை செய்தாலும் ஒரு நாளைக்கு 400 ரூபாதான்.

இலங்கையில் ஆகக்குறைந்த சம்பளத்துக்கென 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2025இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2026 ஜனவரியிலிருந்து நாட்கூலி 1,200 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. சுயதொழில் செய்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனாலும் நம் உழைப்பை அளக்க அதை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் மணிக்கு 150 ரூபா; 5 மணித்தியாலத்துக்கு 750; செலவுடன் சேர்த்துப் பெட்டியின் விலை 900 ரூபா. இது உதாரணம் மட்டுமே. உங்கள் ஊர் விலைகளை இட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கேட்கும் விலைக்குத் தகுந்த வேலை

நியாயவிலை ஒருபக்க உரிமை அல்ல. நன்றாகக் காயாத சார்வோலையில் இழைத்த பெட்டி பூஞ்சணம் பிடிக்கும். சாயத்தை ஒழுங்காகக் காய்ச்சாவிட்டால், பெட்டிக்குள் வைத்த சேலையில் நிறம் ஊறும். உணவு படும் நீத்துப்பெட்டிக்குச் சாயமே கூடாது. வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத உட்புறமும் வெளிப்புறம்போல இருக்க வேண்டும். பிழைத்த பொருளை நல்லதோடு கலந்து கொடுக்காமல், பிழையைச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுப்பதே நேர்மை.

நேரக் கணக்கிலும் நேர்மை தேவை. கைதேர்ந்தவர் 5 மணித்தியாலத்தில் முடிப்பதைப் பழகுபவர் 8 மணித்தியாலத்தில் முடித்தால், அந்த மேலதிக 3 மணித்தியாலம் வாங்குபவரின் கடன் அல்ல. ஊராருக்கு ஒரு விலை, வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு மூன்று மடங்கு விலை என்பதும் நியாயம் அல்ல. இன்று இலாபம்போலத் தோன்றினாலும், அவர் இரண்டாம் முறை வரமாட்டார்.

தனியாக முடியாது

"900 என்றால் வியாபாரி பக்கத்து வீட்டில் 400க்கு வாங்குவாரே?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. உண்மைதான். ஒருத்தி மட்டும் விலையை உயர்த்தினால் அவளுடைய பெட்டி வீட்டிலேயே கிடக்கும்.

இந்தியாவின் அகமதாபாத்தில் 1972இல் எலா பட் தலைமையில் உருவான 'சேவா' என்ற பெண்கள் சங்கத்துக்கும் இதே தடை இருந்தது. முதலாளியே இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று பதிவுசெய்யத் தயங்கினார்கள் அதிகாரிகள். முதலாளியை எதிர்ப்பதற்கு மட்டும் அல்ல, உழைப்பவர்கள் ஒன்றுசேர்வதற்கும்தான் சங்கம் என்று அப்பெண்கள் வாதாடி வென்றார்கள். பின்னர் பீடி சுற்றுவோரும் வீட்டில் இருந்து தைப்போரும் அந்தச் சங்கத்தின் மூலம் கூலி உயர்வு கேட்டுப் பேரம் பேசினார்கள்.

நாமும் சிறிதாகத் தொடங்கலாம். அயலில் 10 பேர் சேருங்கள். ஓலையையும் சாயத்தையும் மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். எந்தப் பொருளுக்கு என்ன குறைந்த விலை என்று கூடிப் பேசி எழுதிவையுங்கள். அதற்குக் கீழே எவரும் இறங்குவதில்லை என்று முடிவெடுங்கள். தரமற்ற பொருளைச் சந்தைக்கு அனுப்புவதில்லை என்பதையும் அதே கொப்பியில் எழுதுங்கள். கூலியைக் கேட்கும் உரிமையை நமக்குத் தருவது அந்த இரண்டாவது வரிதான்.