கோதுமை ஒவ்வாத குடல்: சீலியாக் நோயும் குடும்ப உணவும்

கோதுமை உடலுக்கு வலுவூட்டும் சிறந்த தானியங்களுள் ஒன்று. உலக மக்களுள் மிகப் பலர் அதை உண்டே வாழ்கின்றனர். ஆயினும், ஒரு சிலருடைய சிறுகுடலுக்கு மட்டும் அது நாள்தோறும் ஊறு விளைவித்து வருகிறது. சீலியாக் நோய் எனப்படும் இந்த நாட்பட்ட ஜீரணக் கோளாற்றைத் தீர்க்கும் மாத்திரையோ ஊசி மருந்தோ இல்லை. உணவை மாற்றுவதே இதற்குரிய சிகிச்சை. அந்த மாற்றத்தையும் நோயாளி தனித்து நின்று செய்துகொள்ள இயலாது. அவர் உண்ணும் அடுக்களை முழுவதும் மாறியாக வேண்டும். இதனாலேயே இந்நோயைப் பற்றிப் பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் அறிந்திருத்தல் அவசியமாகிறது.

ஓர் உதாரணம்

நவி மும்பையைச் சேர்ந்த கோபர்கைரனே, முன்னர் ஆகிரி, கோலி மக்கள் நெல் விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த சிற்றூர். 1970-இல் தொடங்கப்பெற்ற சிட்கோ நிறுவனம் நவி மும்பையை நிருமாணித்தபோது, அவ்வூரைச் சுற்றிலும் குடியிருப்புகள் எழுந்தன. வாஷி மொத்தச் சந்தையில் சுமை தூக்கும் தொழிலாளரும், தானா–பேலாப்பூர் தொழிற்சாலைகளில் வேலை செய்வோரும், தாராவி, மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் நெருக்கடி தாங்காது இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அங்கே வசிக்கின்றனர்.

அத்தகைய தமிழ்க் குடும்பம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். தகப்பனார் தொழிற்சாலைக்குச் சப்பாத்தி கட்டிக்கொண்டு செல்கிறார். ரேஷன் கடையில் அரிசியுடன் கோதுமையும் கிடைக்கிறது. குழந்தைகளுக்குக் காலையில் பிஸ்கட்டும் பாலும், பள்ளிக்குச் சப்பாத்திச் சுருள், மாலையில் பாவ் ரொட்டி. ஏழு வயதுப் பெண் குழந்தை மட்டும் வகுப்பில் யாவரினும் குட்டையாக இருக்கிறாள். வயிறு உப்பியும் கைகால்கள் மெலிந்தும் காணப்படுகின்றன. அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலம் வெளுத்துத் துர்நாற்றத்துடன் செல்கிறது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை பல மாதங்கள் கொடுத்தும் பயனில்லை. பிள்ளைக்குத் தெம்பு வர வேண்டும் என்ற ஆவலால் தாயார் மேலும் ஒரு சப்பாத்தியை ஊட்டுகிறார். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குச் சென்று, ஒன்றரை மாதம் சோறும் இட்லியும் உண்ட காலத்தில் குழந்தை சற்றுத் தேறுகிறாள். மும்பைக்குத் திரும்பியதும் பழைய நிலையே ஏற்படுகிறது. ஊர்த் தண்ணீரின் குணம் என்று வீட்டார் அதற்குக் காரணம் கற்பிக்கின்றனர்.

தண்ணீர் மாறியதுபோலவே தானியமும் மாறியது என்பதை எவரும் கவனிக்கவில்லை. இதையொத்த ஒரு குறிப்பைக் கவனித்ததன் மூலமே இந்நோயின் மர்மம் வெளிப்பட்டது.

காரணம் கண்டறியப்பட்ட வரலாறு

1888-இல் லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ இந்நோயின் குறிகளைத் தெளிவாக விவரித்தார். இதற்கு நிவாரணம் உண்டெனில் அது உணவின் வாயிலாகவே அமைய வேண்டும் என்பது அவர் கருத்து. எந்த உணவு என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. 1924-இல் அமெரிக்க வைத்தியர் சிட்னி ஹாஸ் வாழைப்பழத்தை முக்கிய ஆகாரமாகக் கொடுத்துப் பல குழந்தைகளைத் தேற்றினார். வாழைப்பழத்தில் ஏதோ மருந்துக் குணம் உண்டென்று அக்காலத்தில் நம்பப்பட்டது. உண்மையில், அந்தப் பத்தியத்தில் ரொட்டி இடம்பெறாமையே குழந்தைகள் தேறியதற்குக் காரணம்.

ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் குழந்தை வைத்தியராயிருந்த வில்லெம் டிக்கே என்பவர் கோதுமையின் மீது முன்னரே ஐயம் கொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், அந்நாட்டில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. ரொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஊரார் யாவரும் பசியால் வாடிய அக்காலத்தில், சீலியாக் நோயுற்ற குழந்தைகளின் நிலை மட்டும் மோசமடையவில்லை; மாறாகத் தேறியது. போர் ஓய்ந்து ரொட்டி மீண்டும் கிடைத்தபோது நோயும் திரும்பி வந்தது. பின்னர், குழந்தைகளின் உணவில் கோதுமையைச் சேர்த்தும் நீக்கியும், மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்தும் ஆராய்ச்சிகள் நடைபெற்றன. 1950-இல் டிக்கே தமது முடிவுகளை ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதமே தீங்கிழைப்பது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியாயிற்று.

நோயின் இயல்பு

பிசைந்த கோதுமை மாவு இழுபடுவதும், ரொட்டி உப்பி எழுவதும் குளூட்டன் என்னும் பசைப் புரதத்தால்தான். இதனை ஒத்த புரதங்கள் பார்லியிலும் ரை தானியத்திலும் உள்ளன. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், தினை, சாமை, வரகு ஆகியவற்றில் அது இல்லை.

சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் எனப்படும் நுண்ணிய நீட்சிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. விரித்த கம்பளத்தின் இழைகளைப் போன்ற இவையே ஜீரணித்த சத்துக்களை ஈர்த்து இரத்தத்தில் சேர்க்கின்றன. குளூட்டன் குடலில் முற்றிலும் ஜீரணிப்பதில்லை. பரம்பரையாக அமைந்த சில மரபுக் கூறுகளை உடையவர்களுள் ஒரு பகுதியினருக்கு, எஞ்சிய துணுக்குகளை உடலின் தற்காப்பு அணுக்கள் பகையெனக் கருதித் தாக்குகின்றன. அப்போரில் அழிவது குடலுறிஞ்சிகளே. அவை தேய்ந்து மட்டமாகிவிட்டால், எவ்வளவு சத்துள்ள உணவை உண்டாலும் பயனில்லை. இரும்புச்சத்து பெரும்பாலும் சிறுகுடலின் முற்பகுதியில் ஈர்க்கப்படுவதால், மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை இந்நோயின் முக்கிய அறிகுறியாகும். சிலருக்கு வயிற்றுப்போக்கே இராது. இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு, எலும்பு வலுவிழத்தல் ஆகியவை மட்டுமே தோன்றும். கவனியாது விட்டால் பெண்களுக்குக் கருச்சிதைவும், அரிதாகக் குடலில் புற்றுநோயும் ஏற்படக்கூடும்.

தென்னாட்டாருக்கும் உண்டா?

இது கோதுமை உண்ணும் வடநாட்டாரின் வியாதி என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளிலும் 23,331 பேர் பரிசோதிக்கப்பட்டனர். நோய் இருந்தோர் வடக்கே ஆயிரத்துக்கு 8.53 பேர், தெற்கே 0.11 பேர் மட்டுமே. ஆனால், நோய்க்கு இடமளிக்கும் மரபுக் கூறுகளை உடையோர் வடக்கே 38.1 சதவிகிதம், தெற்கேயும் 36.4 சதவிகிதம். ஒருவர் நாளொன்றுக்கு உண்ணும் கோதுமை வடக்கே சராசரி 455 கிராம். தெற்கே 25 கிராம்.

பரம்பரை ஏறக்குறைய சமமாயிருக்க, தட்டில் விழும் தானியமே வேறுபடுகிறது என்பது இப்புள்ளிகளால் விளங்கும். ஆகவே, அரிசி உண்ணும் நாட்டிலிருந்து கோதுமை உண்ணும் நாட்டிற்குக் குடிபெயர்ந்த குடும்பத்தில் மேற்சொன்ன குறிகள் தோன்றுமாயின், தமிழருக்கு இந்நோய் வராது என்று ஒதுக்குதல் தவறாகும்.

சோதனை முதலில், பத்தியம் பின்னர்

சந்தேகம் தோன்றியவுடன் கோதுமையை நிறுத்திவிடுதல் இயல்பாக நேரும் தவறு. இதற்குரிய இரத்தப் பரிசோதனையும், குழாய் செலுத்திக் குடலின் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும், நோயாளி கோதுமை உண்டு வரும் காலத்திலேயே சரியான முடிவைத் தரும். முன்னதாக நிறுத்தினால் நோய் மறைந்து நிற்கும்; உண்மை தெரியாது.

மேலும், நாட்பட்ட வயிற்றுப்போக்கு யாவும் சீலியாக் அன்று. குடற்புழு, சீதபேதி, குடல் க்ஷயம், பாலிலுள்ள சர்க்கரை ஒவ்வாமை ஆகியவையும் அத்தகைய தொல்லை தரும். தென்னிந்தியாவில் நன்கு ஆராயப்பட்ட உஷ்ணப் பிரதேச ஸ்புரூ என்னும் வியாதியிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. ஆனால் அது போலிக் அமிலத்தாலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலும் குணமாவது. நோயில்லாதவர் கோதுமையை விலக்குவதால் அடையும் நன்மை ஏதுமில்லை. நோய் உறுதியான பின்னரோ, விலக்கு ஆயுள் முழுவதும் நீடிக்க வேண்டும்.

அடுக்களையில் செய்ய வேண்டியவை

ஒரு சப்பாத்திக்குச் சுமார் 30 கிராம் மாவு தேவை. அதில் இரண்டு கிராமுக்கு மேல் குளூட்டன் உண்டு. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் தொடர்ந்து சேர்ந்தாலே குடல் பழுதடைகிறது என்று 2007-இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அதாவது, ஒரு சப்பாத்தியை நாற்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கே தீங்கிழைக்கப் போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர். இந்நோயாளிக்குக் கோதுமை எந்த அளவிலும் நஞ்சே. ‘ஒரு வாய் தின்றால் என்ன?’ என்று பாட்டியார் பரிவுடன் கொடுக்கும் துண்டும் இதில் அடங்கும்.

சப்பாத்தி, பூரி, பரோட்டா, பாவ் ரொட்டி, பிஸ்கட் ஆகியவற்றை விலக்குவது எளிதில் விளங்கும். ரவையும் சேமியாவும் மைதாவும் கோதுமையே என்பதைப் பலர் உணர்வதில்லை. எனவே ரவை உப்புமாவும் கேசரியும் ஆகா. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம், பிசினுடன் மாவு சேர்த்துச் செய்வது. அம்மாவு பெரும்பாலும் கோதுமையாகவே இருத்தலால், குழந்தை நாள்தோறும் உண்ணும் சாம்பாரிலும் இரசத்திலும் அது புகுந்துவிடும். பார்லி மால்ட் கலந்த பானங்களும் விலக்கத்தக்கவை. சிப்பத்தின் மேலுள்ள விவரங்களைப் படித்து வாங்குதல் வேண்டும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்படாத குளூட்டன் உடைய பொருள்களையே ‘குளூட்டன் அற்றது’ எனக் குறிக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.

அடுத்த அபாயம் மாவு மில். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே அரிசியையும் கேழ்வரகையும் அரைத்தால் கலப்பு நேருவது திண்ணம். அரிசியையும் முழுக் கேழ்வரகையும் சுத்தம் செய்து ஊறவைத்து வீட்டிலேயே அரைப்பது தக்க வழி. சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை வார்த்தலும், பூரி பொரித்த எண்ணெயில் வடை சுடுதலும், ஒரே கரண்டியைப் பயன்படுத்துதலும் கூடா.

இவற்றையெல்லாம் ஒரு குழந்தைக்காக மட்டும் தனித்துச் செய்வதைவிட, வீட்டின் பொதுச் சமையலையே மாற்றுவது எளிது, செலவும் குறைவு. தமிழ்க் குடும்பத்திற்கு இது புதிய பழக்கமன்று. இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், கம்பங்கூழ் யாவும் பாட்டியார் அறிந்த பண்டங்களே. கோபர்கைரனேயின் பழங்குடிகளான ஆகிரி, கோலி மக்கள் தட்டும் அரிசி பாக்ரியும், மேற்கு மகாராஷ்டிரத்தாரின் சோள பாக்ரியும் சப்பாத்திக்கு ஈடாக அடுத்த வீட்டிலேயே கற்கத்தக்கவை. கோதுமை விரும்பும் தகப்பனார் அதனை வெளியில் உண்ணலாம்.

வெறும் சோறு மட்டும் போதாது. பருப்பு, கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணச்சத்து உண்டு; வலுவிழந்த எலும்புக்கு அது பெரிதும் உதவும். குடல் ஆறும் வரை சில குழந்தைகளுக்குப் பால் ஒவ்வாது போகலாம், அது தற்காலிகமே. வயிற்றுப்போக்கு சில வாரங்களில் தணியும். எடையும் உயரமும் மெல்லக் கூடும். குடல் முற்றிலும் சீர்பட மாதங்களும் சில வேளை ஆண்டுகளும் ஆகலாம். நோய்க்குறிகள் நீங்கிவிட்டன என்று மீண்டும் கோதுமை கொடுத்தால், ஹாலந்துக் குழந்தைகளுக்கு நேர்ந்ததே இங்கும் நேரும். நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரில் நூற்றுக்கு 7 அல்லது 8 பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்பதால் அவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

வகுப்பில் வளர்ச்சி குன்றியும் சோர்ந்தும் வெளிறியும் இருக்கும் குழந்தையை முதலில் காண்பவர் ஆசிரியரே. உயரத்தையும் எடையையும் குறித்து வைத்து, தேறாத குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் எடுத்துரைத்து, வைத்தியரிடம் அனுப்புதல் அவர் செய்யத்தக்க பேருதவி. நோய் உறுதியான பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக்கையோ பிஸ்கட்டையோ பரிவால் கூட அளித்தல் ஆகாது. கடலை மிட்டாயோ வாழைப்பழமோ வகுப்பு முழுவதற்கும் அளித்தால் எவரும் வேறுபடுத்தப்படார். சத்துமாவு வழங்கும் பணியாளர், அதில் கோதுமை உள்ளதா என அறிந்து வழங்குதல் வேண்டும்.

வீடுகளுக்குச் செல்லும் பணியாளர், இரும்புச்சத்து மாத்திரை உண்டும் தேறாத இரத்தசோகையைக் கண்டால், ‘மாத்திரை ஒழுங்காக உண்கிறாரா?’ என்று வினவுவதுடன் நின்றுவிடலாகாது. தட்டில் என்ன தானியம் என்றும், ஊருக்குச் சென்ற நாட்களில் உடல் எவ்வாறு இருந்தது என்றும் வினவுதல் வேண்டும். அந்த விடையைக் குறித்துக்கொண்டு, கோதுமையை நிறுத்தச் சொல்லாமலே, வைத்தியரிடம் அனுப்பி வைப்பது அவருடைய அடுத்த கடமையாகும்.