கை மாறிய பேரேடு

1907-ல் லண்டனின் டியூக் தெருவில் ஆல்ஃபிரட் டன்ஹில் ஒரு புகையிலைக் கடை திறந்தார். பைப் பிடிப்பவர்கள் உள்ளே போய்த் தங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வார்கள். ஒருவருக்குக் காரம் தூக்கலாக இருக்க வேண்டும். இன்னொருவருக்கு வாசனை போதும், காரம் ஆகாது. கடைக்காரர் அதற்கேற்ப இலைகளைக் கலந்து கொடுப்பார். பிடித்துப்போனால், எந்த இலை எவ்வளவு என்பது ஒரு பேரேட்டில் எண் போட்டுப் பதிவாகும். அடுத்த முறை அந்த எண்ணைச் சொன்னால் போதும். 'மை மிக்ஸ்சர்' என்ற அந்த வரிசையில் 965 என்ற எண் பின்னாளில் டின்னில் அடைபட்டு உலகமெல்லாம் போனது.

அன்று ஒருவருக்குப் பிடித்த கலவையை நினைவில் வைத்திருந்தது கடை. இன்று அந்தப் பொறுப்பு புகைப்பவரிடம் வந்துவிட்டது. பைப் உலகத்தில் கடந்த நூறாண்டில் நேர்ந்த மாற்றங்களில் இதையே பெரிதாகக் கருதுகிறேன். கடை மறந்துவிடும், ஆலை மூடிவிடும், பெயர் விலைபோகும். தனக்குப் பிடித்தது எது, ஏன் பிடித்தது என்று தெரிந்துவைத்திருப்பவர்தான் அது கிடைக்காமல் போகும்போது தடுமாறாமல் நிற்கிறார்.

965-இன் கதையே இதற்குச் சான்று. கடையில் கலந்த சரக்கு பிறகு ஆலைச் சரக்கானது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் இருந்த மரே ஆலை பல ஆண்டுகள் அதைத் தயாரித்தது. அந்த ஆலை மூடியதும் தயாரிப்பு டென்மார்க் போனது. ஒவ்வொரு இடமாற்றத்தின்போதும் பழைய ஆட்கள் "ருசி மாறிவிட்டது" என்றார்கள். 2018-ல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவதே நின்றது. கையிருப்பை வாங்கிக் குவிக்கப் பெரிய அடிதடி. மறு ஆண்டே அதே கலவைகள் பீட்டர்சன் என்ற பெயரில் திரும்பி வந்தன. 'நைட்கேப்', 'எர்லி மார்னிங் பைப்' என்று உள்பெயர்கள்கூட மாறவில்லை. டின்னின் பெயரை மட்டும் நம்பியவர்கள் ஓராண்டு துக்கம் காத்தார்கள். தயாரிப்பவர் யார் என்று அறிந்தவர்கள் பொறுத்திருந்து வாங்கினார்கள்.

பெயர் மறைவது ஒரு வகை இழப்பு. இலையே மறைவது வேறு வகை. அதற்கு மாற்று எளிதில் கிடைக்காது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷ் என்ற வட்டாரத்தில் 'பெரிக்' என்ற புகையிலை தயாராகிறது. உலர்ந்த இலையை நனைத்துப் பதமாக்கி, நடுநரம்பை உரித்து, விஸ்கி பீப்பாயில் கட்டுக்கட்டாக அடுக்கி, திருகு ஜாக்கி வைத்து அமுக்குவார்கள். இலை தன் சாற்றிலேயே ஓராண்டு போல ஊறிக் கிடக்கும். இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மறுபடி அமுக்குவார்கள். கடைசியில் கருகருவென்று, உலர்பழ வாசனையும் மிளகுக் காரமும் ஏறி வெளியே வரும். திண்டுக்கல், வேதாரண்யம் பக்கம் புகையிலைக்குப் பாடம் போடுபவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும். கலவையில் ஒரு சிட்டிகை பெரிக் சேர்ந்தாலே வேறு ருசி வந்துவிடும். பெயர்பெற்ற 'த்ரீ நன்ஸ்' கலவையில் ஒருகாலத்தில் பெரிக் இருந்தது. பின்னாளில் அதை எடுத்துவிட்டு வேறு இலையைச் சேர்த்தார்கள். டின் அதேதான், உள்ளே இருப்பது அதுவல்ல.

லட்டாக்கியாவும் அப்படித்தான். சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயர் அது. இலையை மரப்புகையில் நாள்கணக்கில் வாட்டி எடுப்பதால் கரியும் தூபமும் கலந்த மணம் ஏறும். ஆங்கிலேயக் கலவைகளுக்கு உயிர் கொடுத்த இலை. சிரியாவின் வரத்து படிப்படியாகக் குறைந்தது. 2011-ல் தொடங்கிய போர் மிச்சமிருந்த நம்பிக்கையையும் குலைத்தது. இன்று டின்களில் இருக்கும் லட்டாக்கியா பெரும்பாலும் சைப்ரஸ் வழியைச் சேர்ந்தது. அதுவும் நல்ல இலைதான். ஆனால் சிரிய இலையின் ருசி அறிந்தவருக்கு வேறுபாடு முதல் இழுப்பிலேயே தெரியும்.

கான்சாஸ் சிட்டியில் 1977-ல் தொடங்கிய மெக்லெலண்ட் நிறுவனம் 2018-ல் மூடியபோது முக்கியக் காரணமாகச் சொன்னது, தங்கள் தரத்துக்கான அமெரிக்க இலை கிடைக்கவில்லை என்பதைத்தான். வாங்க ஆட்கள் இருந்தார்கள், செய்முறை கையில் இருந்தது. விளைச்சல்தான் இல்லை.

சட்டமும் காலத்தை மாற்றியது. 2016 ஆகஸ்டு 8 அன்று அமெரிக்காவில் நடப்புக்கு வந்த விதி பைப் புகையிலையையும் உணவு மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. புதிய கலவையைச் சந்தைக்குக் கொண்டுவர முன் அனுமதி வேண்டும். கடையிலேயே இலை கலந்து கொடுப்பவரையும் அந்த விதி உற்பத்தியாளராகவே கருதியது. டியூக் தெருவில் டன்ஹில் செய்த வேலை இன்று ஒரு ஆலையின் வேலையாகப் பார்க்கப்படுகிறது. புகையிலை வாய், தொண்டை, நுரையீரல் புற்றுநோயைத் தருகிறது. பைப்புக்கு அதில் விலக்கு இல்லை. ஆகவே கட்டுப்பாடு வந்ததைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிடித்த டின் நின்றுபோன நாளையே விட்டுவிடும் நாளாக ஆக்கிக்கொண்டவர்கள் உண்டு. எல்லா வழிகளிலும் அதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை.

விடாதவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? முதல் வழி, சேமிப்பு. அன்று தீரத் தீர வாங்கினார்கள்; இன்று பலர் வீட்டில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக நிற்கின்றன. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் ஜாடி, இருட்டான அலமாரி, மேலே நாள் எழுதிய சீட்டு. பெரிய ஜாடியை அடிக்கடி திறப்பதைவிடச் சிறு ஜாடிகளாகப் பிரிப்பது நல்லது. டின்னையும் கண்மூடி நம்பக் கூடாது. துரு ஊசித்துளை போட்டால் உள்ளே இருப்பது சருகாகிவிடும். எதைச் சேமிப்பது என்பதிலும் கணக்கு உண்டு. இனிப்புச் சத்து மிகுந்த வர்ஜீனியா இலை ஆண்டுகள் போகப் போகக் கனியும். லட்டாக்கியாவின் புகைமணமோ மெல்ல மழுங்கும். ஆகவே வர்ஜீனியாவைப் பூட்டிவைத்து, லட்டாக்கியாவை முதலில் செலவழிப்பவர் விவரம் தெரிந்தவர்.

இரண்டாவது வழி, மாற்றுத் தேடுதல். "அதே மாதிரி எது?" என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்வார்கள். மறைந்த கலவையில் எந்த இலை முன்னே நின்றது என்று கேட்டுக்கொண்டால் தேடல் சுருங்கும். வர்ஜீனியாவின் இனிப்பா, பர்லியின் கொட்டைச் சுவையா, துருக்கி, கிரேக்கப் பக்கத்து இலையின் புளிப்பு மணமா, பெரிக்கின் காரமா? தனி இலைகளை இன்றும் உதிரியாக வாங்கலாம். நெருங்கி வரும் கலவையில் குறைகிற இலையைச் சிட்டிகை சேர்த்து, இரண்டு வாரம் மூடிவைத்துப் பிறகு பார்க்க வேண்டும். சோதனைக்குப் பழைய பைப் உதவாது. லட்டாக்கியா பிடித்த பைப்பில் அதன் மணம் விடாமல் ஒட்டியிருக்கும். மிசௌரி மாநிலத்தில் 1869 முதல் செய்யப்படும் மக்காச்சோளக் கதிர்த்தண்டு பைப் மலிவு. சோதனைக்கு ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளலாம். செய்ததை எல்லாம் குறிப்பேட்டில் எழுதுவது இந்த வேலையின் பாதி. ருசியின் நினைவு நம்மை ஏமாற்றும், எழுத்து ஏமாற்றாது.

மூன்றாவது வழி, பழைய டின் வேட்டை. மெக்லெலண்ட் டின்கள் ஏலத்தில் பல மடங்கு விலை போகின்றன. ஜெர்சி தீவின் ஜெர்மைன் நிறுவனத்தார் தயாரித்த 'பென்சான்ஸ்' கலவை கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்துவிட்டது. ஆளுக்கு ஒரு டின் என்று அளந்து கொடுத்த கடைகள் உண்டு. இந்த வேட்டையின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மறைந்துபோன டின்னுக்குக் கொடுக்கும் பெருந்தொகை பதுக்கியவரின் பைக்குத்தான் போகிறது. அதனால் எந்த வயலிலும் ஒரு நாற்றும் கூடுதலாக நடப்படுவதில்லை.

பெரிக் இதில் ஒரு பாடம் தருகிறது. 1990-களின் முடிவில் அதை விளைவித்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அது அற்றுப்போகும் என்றே பலரும் நினைத்தார்கள். பிறகு சான்டா ஃபே நிறுவனம் தன் சிகரெட்டுக்காக அதை வாங்கத் தொடங்கியதும் வயல் பரப்பு கூடியது, பீப்பாய்கள் மறுபடி நிரம்பின. வாங்க ஒருவர் இருந்ததால் இலை பிழைத்தது. பிடித்த கலவையை இழந்தவர் செய்யக்கூடிய பயனுள்ள காரியம் இதுதான்: இன்றும் நல்ல இலையைப் பாடம் போட்டுக்கொண்டிருக்கும் சிறு தயாரிப்பாளரைத் தேடிப் பிடித்து, அவர் தொழிலில் இருக்கும்போதே அவரிடம் வாங்குவது.