நாலு பைற்றா, எட்டு பைற்றா?

வலையமைப்பில் கணினிகள் பேசிக்கொள்ளும் வாசலுக்குச் சொக்கெட் என்று பெயர். 1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி யுனிக்ஸோடு பரவிய ஏற்பாடு இது. வரும் அழைப்பை ஏற்க 'அக்செப்ட்' என்றொரு கட்டளை. அழைத்தவரின் முகவரியைப் போட ஒரு பெட்டியும், அதன் நீளம் எழுதிய ஒரு துண்டும் நாம் கொடுக்க வேண்டும். பணிசெயல் முறைமை முகவரியைப் போட்டுவிட்டு, சரியான நீளத்தை அதே துண்டில் எழுதித் தரும்.

சிக்கல் அந்தத் துண்டில்தான். பெர்க்லியில் அது 'இன்ட்'. வழக்கமாக நாலு பைற்று. பிறகு பொசிக்ஸ் நியமத்தின் வரைவில், நீளம் என்றால் 'சைஸ்_டி' தானே முறை என்று மாற்றினார்கள். இலக்கணப்படி அது சரிதான். 32 பிற்றுக் கணினியில் இரண்டும் நாலு பைற்று என்பதால் வித்தியாசமே தெரியாது. 64 பிற்றில் சைஸ்_டி எட்டு பைற்று. மறுகா என்ன? பழைய செய்நிரல் நாலு பைற்று இடம் கொடுக்க, அதில் எட்டு பைற்று எழுதினால் பக்கத்து நினைவிடம் நாசமாகும்.

லினக்ஸை ஆக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்கு உரத்தே ஆட்சேபம் சொன்னார். என் பார்வையில் நியாயம் அவர் பக்கம். ஓடிக்கொண்டிருக்கிற செய்நிரல்களை உடைத்துவிட்டு யாருக்கு நியமம்? கடைசியில் வரைவு மாறி, 'சொக்லென்_டி' என்று புதுப் பெயர் வந்தது. லினக்ஸில் அதுவும் நாலு பைற்றுதான். பெயர் புதிசு, ஆள் பழசு!

பழைய இன்டில் கொள்ளாத எண் வந்துவிடக்கூடாதென்று, 2,147,483,647ஐத் தாண்டிய நீளம் வேண்டாம் என்றும் நியமம் ஆலோசனை சொல்கிறது. ஐபிவி4 முகவரிப் பெட்டிக்கு வேண்டியதோ வெறும் 16 பைற்று.