பெயர் ஆற்காட்டுக்கு! பயணம் யாருக்கு?

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. தேர் பார்க்கத் திரளும் கூட்டம் அலங்காரத்தைக் காண்கிறது, அச்சாணியைக் காண்பதில்லை. வாணிபம் என்னும் பெருந்தேருக்கும் அப்படிக் கண்ணில் படாத அச்சாணி ஒன்று உண்டு. துறைமுகத்துக்குள் ஓடும் சிறு எஞ்சினே அது!

விரைவு வண்டியின் எஞ்சினை நாடறியும். அதற்கு மாலை உண்டு, மேளம் உண்டு, பச்சைக்கொடி அசைக்க அமைச்சர்கள் உண்டு, படம் எடுத்துப் போடப் பத்திரிகைகள் உண்டு. துறைமுகத்து எஞ்சினுக்கு என்ன உண்டு? புகை உண்டு, புழுதி உண்டு, உப்புக் காற்றில் ஏறும் துரு உண்டு! ஊர்விட்டு ஊர் போகாத எஞ்சின் அது. கப்பல் நிற்கும் கரைக்கும் வேகன் நிற்கும் யார்டுக்கும் இடையே இழுப்பதும் தள்ளுவதுமாகவே அதன் ஆயுள் முடியும். ஆனால் அது ஒருநாள் ஓய்ந்தால், ஏற வேண்டிய சரக்கு கரையிலே கிடக்கும். இறங்கிய சரக்கு கிடங்கிலே தேங்கும். கப்பல்காரன் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி கேட்பான்.

"ஆற்காட்டுக்காரருக்குக் கடல் ஏது? துறைமுகத்து எஞ்சினைப் பற்றி உங்களுக்கென்ன கவலை?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறோம்.

1856-ம் ஆண்டு ஜூலை முதல் தேதி. தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்றைய ஆளுநர் ஹாரிஸ் பிரபு தொடக்க விழாவுக்கு வந்திருந்தார். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடி அது போய்ச் சேர்ந்த இடம் இன்றைய வாலாஜா ரோடு. அந்த முனைக்கு அன்று அவர்கள் சொன்ன பெயர் என்ன தெரியுமா? ஆற்காடு!

புறப்பட இராயபுரத்தை ஏன் தேர்ந்தார்கள்? கோட்டைக்குப் பக்கம், வணிகர் வீதிகளுக்குப் பக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடற்கரைக்குப் பக்கம். வண்டியிலிருந்து இறங்கும் சரக்கு படகில் ஏறவேண்டும். படகிலிருந்து இறங்கும் சரக்கு வண்டியில் ஏறவேண்டும். ஆகவே, தென்னாட்டு இரயில் பிறந்தபோதே அதன் ஒரு கை கடலைத் தொட்டது. மறு கை ஆற்காட்டைத் தொட்டது. துறைமுகத்துத் தண்டவாளம் நமக்கு அந்நியமல்ல. நம் வீட்டு வாசலில் தொடங்கிய பாதையின் மறுமுனை!

அன்று சென்னையில் துறைமுகம் என்ற ஒன்றே இல்லை. கப்பல் ஆழத்தில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள் அலையைப் பிளந்துகொண்டு அதனிடம் போகும். அலை சீறினால் சரக்கும் போகும், சில வேளை ஆளும் போவான். 1861-ல் கடலுக்குள் நீட்டி இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். அதுவும் போதவில்லை. 1875-ல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கல்லடுக்கிச் சுவரெழுப்பி, ஐந்தாறு ஆண்டு பாடுபட்டு, வேலை முடியப்போகிறது என்று மகிழ்ந்த நேரத்தில், 1881 நவம்பரில் வந்தது புயல்! கட்டியதைக் கலைத்தது. மீண்டும் கட்டினார்கள்.

1904 முதல் 1919 வரை துறைமுகத்தின் தலைவராக இருந்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் மாலுமி அல்லர். இரயில் பாதைகளிலும் ஆற்றுப் பாலங்களிலும் காலமெல்லாம் உழைத்த பொறியாளர். அலை புகுந்து ஆட்டிய கிழக்கு வாயிலை அடைத்து வடகிழக்கில் வாயில் திறந்தது அவர் காலத்தில்தான். கணித மேதை இராமானுஜம் 1912-ல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக உட்கார்ந்ததும் அந்தத் துறைமுகத்து அலுவலகத்தில்தான். கப்பலுக்குச் சுவர் எத்தனை தேவையோ அத்தனை தேவை சரக்குக்குத் தண்டவாளம் என்பது ஓர் இரயில்காரருக்குத் தெரியாமலா இருக்கும்? துறைமுகத்துக்கென்றே தனிப்பாதை, தனி யார்டு, தனி எஞ்சின் என்று ஓர் இரயில் உலகமே மதிலுக்குள் வளர்ந்தது.

அந்த எஞ்சினை உருவாக்கிய அறிவை நாம் வியக்கத்தான் வேண்டும். உலகத் துறைமுகங்கள் எங்கும் நீராவிக் காலத்தில் ஓடிய இனம் அது. பின்னால் தனிக் கரிவண்டி கிடையாது; தண்ணீரையும் கரியையும் தன் உடம்பிலேயே சுமக்கும். சக்கரங்கள் நெருக்கி அமைந்திருக்கும். ஏன்? கிடங்குக்கும் கிடங்குக்கும் இடையே பாதை பாம்பாய் வளையும். நீண்ட எஞ்சின் அந்த வளைவில் நுழைந்தால் தடம் புரளும். முன்னும் பின்னும் ஒன்றுபோல ஓடும். திருப்பிவிட அங்கே இடம் இல்லை. வெடிமருந்தும் எண்ணெயும் கிடக்கும் இடங்களுக்கென்று வெளிநாடுகளில் நெருப்பே இல்லாத எஞ்சினைக்கூடச் செய்தார்கள். கரையில் இருக்கும் பெரிய கொதிகலனிலிருந்து நீராவியை நிரப்பிக்கொண்டு, அது தீரும்வரை ஓடும் எஞ்சின்! துறைமுகத்தில் தீ என்ன செய்யும் என்பதை 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய் கண்டது. அங்கே வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய ஒரு கப்பல் தீப்பற்றி வெடித்துச் சுற்றுப்புறத்தையே சுடுகாடாக்கியது.

எஞ்சினைப் பாராட்டினோம். எஞ்சினை ஓட்டியவனை?

பொழுது விடிந்து முதல் வேகன் நகரவேண்டுமென்றால், நள்ளிரவிலேயே எழுந்து சாம்பல் வாரி, நெருப்பு மூட்டி, நீராவி ஏற்றவேண்டும். வெயிலே நெருப்பாய்க் காயும் சென்னையில், அந்த நெருப்பின் வாயிலே நின்று கரி வீசியவன் பயர்மேன். கொடியும் கைவிளக்கும் ஏந்தி ஓடியவன் பாயிண்ட்ஸ்மேன். வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே குனிந்து நுழைந்து கொக்கி மாட்டியவன் இன்னொரு தோழன். எஞ்சின் ஒரு முழம் கூடுதலாகத் தள்ளிவிட்டால், இரண்டு பஃபர்களுக்கு இடையே அவன் நசுங்குவான். துறைமுகத்தின் சரித்திரத்தைக் கல்லில் பொறித்தார்கள். அந்தக் கல்லில் அடிக்கல் நாட்டியவன் பெயர் இருக்கும். அடிபட்டவன் பெயர் இருக்காது!

இனி நம் ஊர்ச் சரக்குக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை. இந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே தோல் என்று உலகம் சொல்லும். ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான அரைப்பதத் தோல், கட்டுக் கட்டாகச் சென்னைப் பெரியமேட்டுக் கிடங்குகளுக்குப் போயிற்று. அங்கிருந்து துறைமுகம், துறைமுகத்திலிருந்து இலண்டன். முதல் உலகப்போரில் சிப்பாய்களின் பூட்சுக்கு மேல்தோலாக இந்தத் தோலைத்தான் வெள்ளை அரசு வாங்கிக் குவித்தது. போன வழியிலேயே வந்தது ஆப்பிரிக்காவின் வாட்டில் பட்டை. ஆவாரம்பட்டை போதாத குறையை அது தீர்த்தது. ஆக, கரையில் மூச்சிரைத்த எஞ்சினுக்கும், பாலாற்றங்கரைத் தொட்டியில் முழங்கால் அளவு நீரில் நின்று தோலைப் புரட்டிய தொழிலாளிக்கும் உறவு இருந்தது. ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்ததில்லை. ஒருவன் உழைப்பை ஒருவன் சுமந்தான்.

பிறகு காலம் மாறியது. அரைப்பதத் தோலை அள்ளி அனுப்பிவிட்டு, அதே தோலில் செய்த செருப்பை அயலான் விற்க, நாம் வேடிக்கை பார்ப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1972-ல் சீதாராமையா குழு ஆராய்ந்தது. முழுப்பொருளாக்கி அனுப்பும் கொள்கை வந்தது. தோல் நகரங்கள் காலணி நகரங்களாயின. ஆயிரக்கணக்கான பெண்கள் ஆலைக்குள் வந்தார்கள். துறைமுகமும் மாறியது; நீராவி போய் டீசல் வந்தது; மூட்டை போய் இரும்புப் பெட்டி வந்தது. 1981-ல் பெங்களூரில் நாட்டின் முதல் உள்நாட்டுச் சரக்குப்பெட்டி நிலையம் திறந்தது. 1983-ல் சென்னையில் சரக்குப்பெட்டித் துறை திறந்தது. இரண்டையும் இணைக்கும் தண்டவாளம் எந்த வழியே போகிறது? ஜோலார்ப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், காட்பாடி!

கொடுமையைக் கேளுங்கள் தோழர்களே! பெங்களூர்ச் சரக்கு இரயிலில் ஏறி, ஆம்பூர் நிலையத்தைக் கடந்து, துறைமுகத்துக்குப் போகிறது. ஆம்பூர்க் காலணியோ பெரும்பாலும் லாரியில் ஏறி நெடுஞ்சாலையில் போகிறது! தண்டவாளம் நம் ஊரில்; வண்டி நம் கண்ணெதிரில்; சரக்கு மட்டும் சாலையில். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது இதுதானே?

ஏன் இப்படி? இரயில் நிர்வாகம் முழு வண்டிச் சரக்கை விரும்பத் தொடங்கியது. ஒரு வேகன், இரண்டு வேகன் என்று அனுப்பும் சிற்றூர் வணிகனுக்குக் கதவு சாத்தியது. நிலையந்தோறும் இருந்த சரக்குக் கிடங்குகள் களை இழந்தன. சிறு ஆலைக்காரன் முழு இரயிலுக்குச் சரக்குக்கு எங்கே போவான்? லாரியைப் பிடித்தான்.

லாரி எங்கே போய் நிற்கிறது? வடசென்னைச் சாலைகளில்! துறைமுக வாயிலை எட்டமுடியாமல் வரிசையாகக் காத்துக் கிடக்கும் லாரிகள் பல ஆண்டுகளாக நாடறிந்த காட்சி. வண்டிக்குள்ளே உறங்கி எழும் ஓட்டுநரின் பாடு ஒரு பக்கம்; புகையைக் குடித்து வாழும் மக்களின் பாடு மறுபக்கம். இதைத் தீர்க்க மதுரவாயலிலிருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை போடுவோம் என்று 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. தூண்கள் நின்றன, துணையின்றி! 2022-ல் மீண்டும் ஓர் அடிக்கல். ஒரு சாலைக்கு இரண்டு அடிக்கல்!

சாலை வேண்டாம் என்கிறோமா? இல்லை. லாரி ஓட்டுநர் நமக்குப் பகைவரா? ஒருக்காலும் இல்லை, அவரும் உழைப்பாளி. நாம் கேட்பது, இருக்கும் தண்டவாளம் ஏன் இளைப்பாற வேண்டும் என்பதே. நிலக்கரியும் இரும்புத்தாதுவும் சென்னைத் துறைமுகத்தில் கூடாது என்று 2011-ல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவை எண்ணூருக்குப் போயின. வடசென்னையின் நுரையீரலைக் காத்த அந்தத் தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சரக்கோடு துறைமுகத்து இரயிலின் பெருஞ்சுமையும் போயிற்று. போன இடத்தில் தூசில்லாத சரக்கை, தோல் பொருளை, துணியை, எந்திரத்தை ஏற்றினால் என்ன?

"ஆம்பூரிலிருந்து சென்னை இருநூறு கிலோமீட்டர்கூட இல்லையே, இரண்டு முறை ஏற்றி இறக்கினால் கட்டுப்படியாகாதே" என்பார்கள். கணக்குச் சரிதான், ஆனால் பாதிக் கணக்கு! வரிசையில் நிற்கும் லாரி எரிக்கும் டீசலை யார் கணக்கில் எழுதுவது? கப்பல் தவறிப்போன பெட்டியின் நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது? புகையில் இருமும் குழந்தையின் மருந்துச் செலவை யார் கணக்கில் எழுதுவது? இவற்றையும் எழுதிவிட்டுக் கூட்டிச் சொல்லுங்கள், அப்போது ஒப்புக்கொள்கிறோம்!

எனவே நாம் கேட்கிறோம். பாலாற்றங்கரை ஊர்களின் சிறு ஆலைச் சரக்கைத் திரட்டி ஒன்றாக ஏற்றும் வசதியை ஜோலார்ப்பேட்டையிலோ காட்பாடியிலோ செய்யுங்கள். கடந்து போகும் வண்டியில் நமக்கும் சில பெட்டிகளைக் கோத்துவிடுங்கள். திண்டிவனத்திலிருந்து ஆற்காடு வழியே நகரிக்கு என்று 2006-07-ல் ஒப்புதல் பெற்ற பாதை இன்னும் முழுமையடையவில்லை. அதை முடித்துக் கொடுங்கள்.

ஆம், 1856-ல் ஆற்காட்டின் பெயரை வைத்து வண்டி ஓட்டினார்கள். பாலாற்றைத் தாண்டி ஆற்காட்டு நகருக்குள் அந்த வண்டி வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது; இன்னும் வரவில்லை! பெயரைக் கொடுத்தோம், தோலைக் கொடுத்தோம், உழைப்பைக் கொடுத்தோம். திருப்பிக் கேட்பது தானமல்ல. கடல்வரை போக ஒரு பாதை. அச்சாணியாய் இருந்தவர்கள் கேட்கிறோம். தேரில் அமர்ந்திருப்போர் செவி சாய்க்கட்டும்!