நீலம் போல் ஒரு கல்



மாதந்தோறும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஒரு மோதிரம் வாங்குகிறோம் என்றால், அது வெறும் அலங்காரப் பொருள் அன்று. அவசரத்துக்கு அடகு வைக்கவும், நாளை மகளுக்குக் கொடுக்கவும் உதவுகின்ற சேமிப்பும் ஆகும். ஆகவே, கல் பதித்த மோதிரம் வாங்குமுன் அந்தக் கல்லைப் பற்றித் தெரிந்துகொள்வது நல்லது. இன்று நாம் தான்சனைட் என்னும் கல்லைப் பற்றிப் பார்ப்போம்.

ஆப்பிரிக்காவிலுள்ள தான்சானியா நாட்டில், கிளிமஞ்சாரோ மலைக்கு அருகே மெரெலானி குன்றுகள் உள்ளன. 1967-ஆம் ஆண்டில் அங்குதான் இக்கல் கண்டறியப்பட்டது. மறு ஆண்டில் நியூயார்க்கின் டிஃபனி நகை நிறுவனம், அந்த நாட்டின் பெயரையே கல்லுக்குச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மண்ணிலிருந்து எடுக்கும்போது இது பெரும்பாலும் பழுப்பாக இருக்கும். சூடேற்றிய பிறகே நீலமும் ஊதாவும் கலந்த நிறம் தெளிவாகத் தெரியும். இது ஏமாற்று வேலை அன்று; அவ்வாறு பெற்ற நிறம் நிலைத்திருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. நம் முன்னோர் நவமணிகளில் ஒன்றாகச் சொன்ன நீலம் வேறு, தான்சனைட் வேறு. ராசிக்கு நீலக்கல் அணிய விரும்புகிறவரிடம் தான்சனைட்டை நீலம் என்று ஒருவர் விற்றால், அது தவறு.

இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு உறுதியில்தான் உள்ளது. கற்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளப்பார்கள். வைரம் 10, நீலம் 9. தான்சனைட்டோ 6-க்கும் 7-க்கும் இடைப்பட்டது. நம் வீட்டு மணலிலும் அம்மிக் கல்லிலும் இருக்கும் படிகக்கல்லின் கடினம் 7. அப்படியானால், மோதிரத்தோடு அம்மியில் அரைத்தாலும், மணல் போட்டுப் பாத்திரம் துலக்கினாலும், தான்சனைட்டில் கீறல் விழும். ஓங்கி ஒரு அடி பட்டால் பிளந்தும் போகலாம்.

ஆகவே பால் மரம் சீவும் கைக்கும், செம்பனைக் குலை தூக்கும் கைக்கும் இது அன்றாட மோதிரம் ஆகாது. இந்தக் கல்லின் மேல் ஆசை இருந்தால், பதக்கமாகவோ தோடாகவோ செய்துகொள்ளலாம். அடிபடும் வாய்ப்புக் குறைவு. மோதிரமே வேண்டுமென்றால், கல்லின் ஓரம் முழுவதும் தங்கம் சுற்றிப் பிடித்திருப்பதாகப் பார்த்து வாங்கி, விசேஷ நாள்களில் மட்டும் அணிவோம்.

கடையில் கல்லை விளக்கொளியில் மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கில் ஊதாவாகத் தெரியும் கல், பகலில் நீலம் கூடித் தெரிவதுண்டு. உள்ளே காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடியாக இருக்கலாம். வெளிறிய கற்களுக்கு மேலே நிறம் பூசி விற்பதும் உண்டு. ஆதலால் பூச்சு இருக்கிறதா என்று வாய்விட்டே கேட்போம். விலை அதிகமானால், கல்லைச் சோதித்த ஆய்வுக்கூடச் சான்றிதழையும் கேட்க வேண்டும்.

பராமரிப்பு எளிது. வெதுவெதுப்பான நீரில் மெல்லிய சோப்பைக் கரைத்து, மிருதுவான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கலாம். கொதிநீரிலிருந்து குளிர்நீருக்கு உடனே மாற்றக் கூடாது. கழிவறை கழுவும் அமிலம் கல்லின் மேல் படவே கூடாது. நகைக்கடையில் அதிர்வு இயந்திரத்திலோ நீராவியிலோ சுத்தம் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மோதிரத்தை நெருப்பில் பற்றவைக்க நேர்ந்தால், முதலில் கல்லைக் கழற்றச் சொல்ல வேண்டும். வீட்டில் தனித் துணிப்பையில் வைத்தால், மற்ற நகைகள் உரசிக் கீறாது.

கடைசியாக ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கத்தின் எடையும் அதன் தரமும், கல்லின் பெயரும் எடையும் விலையும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். அடகு வைக்கப் போகும்போது பெரும்பாலும் தங்கத்துக்குத்தான் மதிப்பு. கல்லுக்குக் கொடுத்த பணம் அங்கே திரும்பி வருவது அரிது. சேமிப்பு வேண்டுமென்றால் கல்லில்லாத தங்கம் வாங்குவோம். அழகு வேண்டுமென்றால், எவ்வளவு செலவு செய்கிறோம் என்று தெரிந்து கல் வாங்குவோம்.