மெட்டல் பாட்டில் பேஸ் எங்கே ஒளிந்திருக்கிறது?

சேலையூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறேன். இளையராஜா பாட்டில் பேஸ் தனியாகக் கேட்கிறது, காதாலேயே பிடித்துவிடுகிறேன். மெட்டல் பாட்டில் எவ்வளவு உற்றுக் கேட்டாலும் சிக்க மாட்டேன் என்கிறது. அதனால் டேப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். இது குறுக்கு வழியா?"

இல்லவே இல்லை. எந்தத் தந்தியில் எந்த ஃப்ரெட்டை அழுத்த வேண்டும் என்று எண்களால் எழுதிக்காட்டும் குறிப்புதானே டேப். உங்கள் காதிலும் கோளாறு கிடையாது. இளையராஜாவின் பேஸ் பாடகரின் மெட்டோடு ஒட்டாமல் தனக்கென்று ஒரு மெட்டில் நடக்கும். அதனால் பளிச்சென்று கேட்கும். மெட்டலில் பேஸ் பெரும்பாலும் கிட்டார் வாசிக்கும் அதே ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டை) ஒரு ஸ்தாயி கீழே வாசிக்கிறது. ஆனால் அது மறைந்துபோவதற்கு இது மட்டும் காரணமல்ல. கிட்டாரே ஒரு பொய் பேஸை உண்டாக்கிவிடுகிறது.

மெட்டல் கிட்டாரின் உயிர் பவர் கார்டு. நம் கணக்கில் சொன்னால் ஸ, ப இரண்டும் சேர்ந்த ஒலி. கிட்டாரின் தடித்த E தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமமான B 123.5 ஹெர்ட்ஸ். டிஸ்டார்ஷன் போடாமல் மீட்டினால் இரண்டு சுரம் கேட்கும், அவ்வளவுதான். டிஸ்டார்ஷன் போட்டதும் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிறது. இரண்டு அலைகளும் தனித்தனியே வெட்டுப்படுவதில்லை. கூடிக் கலந்தபின் வெட்டுப்படுகின்றன. அப்போது அவற்றின் கூட்டல், கழித்தல் எல்லாம் புதிய சுரங்களாக முளைக்கின்றன. 123.5இலிருந்து 82.4ஐக் கழியுங்கள்: 41.1. 82.4ஐ இரட்டித்து அதிலிருந்து 123.5ஐக் கழியுங்கள்: 41.3. பேஸ் கிட்டாரின் E தந்தியைச் சும்மா மீட்டினால் வருவது எவ்வளவு தெரியுமா? 41.2!

எனக்குச் சலிக்கவே சலிக்காத கணக்கு இது. எந்தப் பக்கம் கழித்தாலும் பேஸ் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே வந்து விழுகிறது. கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸை உரக்க ஒலிக்கத் தெம்பு போதாதுதான். ஆனால் 82, 123, 165, 206 என்று சம இடைவெளியில் மேல்சுரங்கள் வரிசைகட்டி வரும்போது, "இதற்கெல்லாம் அடிப்படை 41" என்று மூளை தானே முடிவுகட்டி, இல்லாத சுரத்தையும் கேட்டுவிடுகிறது. அந்த இடத்தில் உண்மையான பேஸும் வந்து சேர்ந்தால் அதை எப்படித் தனியே பிரிப்பது? மிக்ஸிங்கிலும் பேஸைத் தாழ்த்திவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மெட்டாலிகாவின் 1988 ஆல்பமான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கேட்டுப் பாருங்கள். ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸை மிக்ஸிங்கில் அமுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்கள் இன்றும் குறைபடுகிறார்கள்.

இங்கேதான் டேப் கைகொடுக்கிறது. தாம்பரம்–பீச் ரயில் பாதையைப் போல அதைப் பாருங்கள். நான்கு தந்திகள் நான்கு தண்டவாளம். ஃப்ரெட்டுகள் ஸ்டேஷன்கள். தாம்பரம் 0, சானடோரியம் 1, குரோம்பேட்டை 2, பல்லாவரம் 3, திரிசூலம் 4, மீனம்பாக்கம் 5. E கோட்டில் 5 என்று போட்டிருந்தால் E தண்டவாளத்தில் மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டும். அங்கே கேட்கும் 55 ஹெர்ட்ஸ், பக்கத்து A தண்டவாளத்தில் தாம்பரத்தை விட்டு நகராமலே கிடைக்கும். பன்னிரண்டாவதான நுங்கம்பாக்கத்தில் தந்தி சரிபாதி. அதே சுரம் மேல் ஸ்தாயியில். எல்லாம் இருக்கிறது, டைம்டேபிள் மட்டும் இல்லை. எந்த ஸ்டேஷன் என்று டேப் சொல்லும். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று சாதாரண டேப் சொல்லாது.

இரண்டு இடத்திலும் அதே 55 ஹெர்ட்ஸ்தான் என்றால் எங்கே வாசித்தால் என்ன? வித்தியாசம் இருக்கிறது. E தந்தி தடிமன். ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தும்போது நீளமும் குறைகிறது. விறைப்பு கூடுவதால் மேல்சுரங்கள் இம்மி பிசகி, சீக்கிரம் அடங்குகின்றன. விரலைச் சற்றுத் தளர்த்தினால் போதும், ஒலி நின்றுவிடும். திறந்த A தந்தியோ நீங்கள் கைவைத்து அடக்கும்வரை ரீங்கரித்துக்கொண்டே இருக்கும். குதிரை ஓட்டம் போன்ற வேக ரிஃபில் அந்த ரீங்காரம் அடுத்த சுரத்தைச் சேறாக்கிவிடும். எந்தத் தந்தி என்று டேப் சொல்வது அதனால்தான் பெரிய உதவி.

வரலாறு வேண்டுமென்பவர்களுக்கு: ஸ்பெயினின் லூயிஸ் மிலான் 1536இலேயே விவேலா என்ற வாத்தியத்துக்கு டேப்பைப் போலவே எண் போட்டுப் புத்தகம் அச்சிட்டார். லியோ ஃபெண்டரின் ஃப்ரெட் வைத்த மின் பேஸ் 1951இல்தான் வந்தது. இதற்கு மேல் நமக்குத் தேவையில்லை.

எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் செயற்கை நுண்ணறிவு நொடியில் டேப் போட்டுத் தரும் என்று இப்போது விளம்பரங்கள் வருகின்றன. நான் காசு கொடுக்க மாட்டேன். ஒலியில் 55 ஹெர்ட்ஸ் இருக்கிறது என்று மென்பொருள் கண்டுபிடிக்கலாம். அது எந்தத் தந்தியில் பிறந்தது என்பதை ஊகிக்கத்தான் வேண்டும். மெட்டலில் அந்தச் சுரமே பேஸா, கிட்டாரின் பொய் பேஸா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. வாசித்துப் பழகிய ஒருவர் எழுதிய டேப் இதைவிட நம்பகமானது.

கிண்டி ஐஐடியின் சாரங் விழாவில் 2009இல் சுவீடனின் ஓபெத் வந்து வாசித்த ஊர் இது. மெட்டல் நமக்கு அந்நியமல்ல. தம்பி, டேப்பில் முதல் நான்கு பாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸின் கிக் விழும் இடத்தைக் கேட்டு அதன்மேல் விரலை வையுங்கள். டேப்பில் இல்லாத டைம்டேபிள் அந்தக் கிக்கில் இருக்கிறது. வாசிக்காத தந்திகள்மேல் இடக்கை விரல் லேசாகப் படிந்திருக்கட்டும். நல்ல ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். செல்போன் ஸ்பீக்கரில் 41 ஹெர்ட்ஸ் வராது.